ஜெபக்கனியின் கல்யாணம்

இந்த விவரத்தில் எனக்குப் பல வருஷமாகவே நம்பிக்கை இல்லை. நம்பாமல் போவதற்கு அதில் அப்படி ஒன்றும் விசேஷம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெபக்கனிக்குக் கல்யாணம், அதனால் படிப்பை நிறுத்திக்கொள்கிறாள் என்று எங்கள் கிளார்க் ஆவுடையப்பன் அண்ணாச்சி ஒரு நாள் ஸ்டாஃப் ரூமில் வந்து சொன்னார், அவ்வளவுதான் விவரம். எங்கள் சமுதாயக் கல்லூரியில் வருஷத்துக்கு இரண்டு மூன்று பெண்கள் அப்படிப் போகிறவர்கள்தான், அதற்காக யாரும் பாடத்தை நிறுத்துவதில்லை. ஆனாலும் பல்லிடுக்கில் மாட்டின பாக்குத் துணுக்கை நாக்கு திரும்பத் திரும்பப் போய்த் தொடுகிற மாதிரி என் மனசு அந்தக் கல்யாணத்தையே போய்த் தொட்டுக்கொண்டிருந்தது. தொடும், ஒன்றும் வராது, விட்டுவிடும். சந்தேகப்படுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று என்னையே கேட்டுக்கொள்வேன். ஒரு மனிதர் முப்பது வருஷம் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு பைசா கைநீட்டாமல் ஓய்வுபெற்றுப் போயிருக்கிறார், அவர் சொன்னதைச் சந்தேகப்படுகிறேன் என்றால் கோளாறு என்னிடம்தான் இருக்க வேண்டும். இன்று அந்த மனிதர் என் பக்கத்து நாற்காலியில், ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மின்விசிறிக்கு அடியில், முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் சர்க்கரை, எனக்கும் சர்க்கரை. வெறும் வயிற்றில் ஒரு ரத்தம் கொடுத்தாயிற்று. எதிர்த்த மெஸ்ஸில் இட்லி தின்றாயிற்று. இனி இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவது ரத்தம். அதுவரை எங்கேயும் போகக் கூடாது, நடக்கக் கூடாது, டீ குடிக்கக் கூடாது, சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கிறதுதான் எனக்கு வராத காரியம்.

பினாயில் வாசனை, சுவரில் சத்தம் குறைத்து ஓடுகிற டிவி, யாரோ ஒரு குழந்தை ஊசியைப் பார்த்து வீறிடுகிறது. ஊசி குத்தின பெண் புதுசு. என் கையில் இரண்டு இடத்தில் குத்தி, நரம்பு நழுவி, "சாரி அங்கிள், உங்களுக்கு நரம்பு உள்ள இருக்கு" என்றாள். எனக்கு நரம்பு எப்போதும் உள்ளேதான். ஜெபக்கனிக்கு அது ஒரு நாளும் கஷ்டமாக இருந்ததில்லை. லேப் டெக்னீஷியன் வகுப்பில் பிள்ளைகள் ஒருவர் கையில் ஒருவர் குத்திப் பழக வேண்டும். பயந்த பிள்ளைகளுக்காக நான் என் கையை நீட்டுவேன். அவள் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு நடுவிரலால் தடவுவாள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. "என்னம்மா, அங்க என்ன பாக்க?" என்று கேட்டால், "கண்ணு பொய் சொல்லும் சார், விரலு சொல்லாது" என்று சிரிப்பாள். அந்த விரல்களில் பசை காய்ந்து வெள்ளை வெள்ளையாகச் செதில் இருக்கும். காலையில் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டிவிட்டு, மத்தியானம் கல்லூரிக்கு வருவாள். பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் வந்தார்கள். அதற்காகத்தான் சமுதாயக் கல்லூரி என்று ஒன்றை ஆரம்பித்ததாகத் திறப்பு விழாவில் பேசினார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், உதவித்தொகை உண்டு, பாதி நாள் வந்தாலும் படிப்பு படிப்புதான் என்றார்கள். கைதட்டினோம். நானும் தட்டினேன். கைதட்டினதை நினைத்தால் இப்போது உள்ளங்கை அரிக்கிறது.

"என்ன சார், மூஞ்சி செத்துப்போயிக் கெடக்கு? மூணு இட்லிக்கா இப்படி?" என்றார் அண்ணாச்சி. ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லன்னா அந்த மாரிவேணிப் பிள்ள விசயம்னு அர்த்தம்" என்றார். ஓய்வுபெற்ற பிறகும் அலுவலகத்தில் யார் தும்மினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். புது கிளார்க் இவருக்கு மருமகன் முறை. ஆம், மாரிவேணி விஷயம்தான். நான் இப்போது பொறுப்பு முதல்வர். இன்று சாயங்காலத்துக்குள் அவள் பெயரை நீக்கி அனுப்ப வேண்டும், அல்லது நீக்காமல் இருக்க வேண்டும். விதி மறுபடியும் மாறியிருக்கிறது. இந்த வருஷம் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, வாசலில் இருக்கிற மிஷினில் முகத்தைக் காட்ட வேண்டும். இரண்டு தடவையும் காட்டாதவருக்கு உதவித்தொகை இல்லை. படிப்பு நடுவிலே இருக்கும்போது மாற்றினார்கள். எப்போதும் நடுவிலேதான் மாற்றுகிறார்கள். சேரும்போது ஒரு விதி, பாதியில் ஒரு விதி, பரீட்சைக்கு ஒரு விதி. மாரிவேணிக்குக் காலை முழுக்க தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் போடுகிற வேலை. போன வாரம் என் அறைக்கு வந்து நின்றாள். "சார், மிஷினுக்கு மத்தியானம் என் மூஞ்சி தெரியுது, காலைல தெரியல. அப்ப நான் பாதி ஆளா சார்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். காலை வேலையை விட்டுவிட முடியாதா என்று கேட்டேன். கேட்கும்போதே அது எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று எனக்குத் தெரிந்தது. "விட்டா வீட்டுல உலை யார் வைப்பா சார்? நீங்க வருவியளா?" என்றாள். நான் வரமாட்டேன். நான் இங்கே உட்கார்ந்து என் சர்க்கரையை அளந்துகொண்டிருப்பேன். உதவித்தொகை நின்றால் அவள் கட்டணம் கட்ட முடியாது, தானாக நின்றுவிடுவாள். அப்படி நின்றால் அது இடைநிற்றல். இடைநிற்றல் ஓரளவுக்கு மேல் போனால் மொத்த வகுப்புக்கும் உதவி கிடையாது. முப்பது பிள்ளைகள். ஏற்கனவே விளிம்பில் நிற்கிறோம். மாரிவேணி நின்றால் விளிம்பு தாண்டிவிடும். ஆனால் இரண்டு காரணங்கள் மட்டும் இடைநிற்றலில் சேராது. கல்யாணம், சாவு. எந்த மேதை உட்கார்ந்து எழுதினானோ, அந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதிவைத்திருக்கிறான். பல விதிகள் வந்து போயின, அந்த வரி மட்டும் மாறவே இல்லை. சாவென்றால் சான்று கேட்பார்கள். கல்யாணத்துக்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. நம் ஊரில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் நம்பாதவன் யார்?

ஜெபக்கனி வருஷத்திலும் இதே கதைதான், மிஷின் மட்டும் இல்லை. முழுநாள் வராதவருக்கு உதவி கிடையாது என்று பாதி வருஷத்தில் ஒரு உத்தரவு வந்தது. அவள் ஒரு வாரம் வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பிறகு வரவில்லை. அடுத்த வாரம் அண்ணாச்சி ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, கையைத் தட்டி எல்லோரையும் திரும்பவைத்து, "நம்ம ஜெபக்கனிக்குக் கல்யாணம்! திடீர்னு கூடி வந்துட்டு. மாப்ள லாரி டிரைவர், தங்கமான பையன். அவுக ஊரு சர்ச்சுல எளிமையா வைக்காவ, யாரையும் கூப்பிட வசதி இல்லைன்னு அந்தப் பிள்ள அழுதுட்டா. நாம மொய்யாவது செய்யணுமா வேண்டாமா?" என்றார். வேண்டாம் என்று சொல்கிறவன் இந்த ஊரில் பிறந்திருக்க முடியுமா? ஆளாளுக்குச் சட்டைப் பையில் கைவிட்டோம். எல்லாம் சேர்த்து ஒரு மிக்சி வாங்கினோம். அதன் மேல் எங்கள் பெயர்களை எல்லாம் ஒட்டி, அண்ணாச்சியே ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனார். எனக்கு அன்றைக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. விதி அவளைத் தள்ளவில்லை, பார், அவளே போகிறாள், நல்ல காரியத்துக்குப் போகிறாள் என்று வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள், "லேப் படிச்ச பிள்ளையா? அய்யோ, படிப்ப முடிச்சிட்டுக் கட்டியிருக்கலாமே" என்றாள். எனக்கு அவள் மீது எரிச்சல் வந்தது. அவள் என் நிம்மதியில் கைவைத்துவிட்டாள் என்கிற எரிச்சல்.

நம்பிக்கை எப்போது கழன்றது என்று தேடிப் பார்க்கிறேன். ஒரே நாளில் இல்லை. மொய் வாங்கினவர்கள் கல்யாணம் முடிந்து ஒரு நாள், மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, பழமும் இனிப்புமாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அவள் வரவில்லை. வெளியூர் என்றார் அண்ணாச்சி. சரி. என் மகள் கல்யாணத்துக்கு அவர் கையிலேயே பத்திரிகை கொடுத்தனுப்பினேன். நாம் செய்த மொய், நம் வீட்டு விசேஷத்தில் எப்படியும் திரும்பி வந்துவிடும். பணம் இல்லாதவர்கள் ஒரு தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டாவது வந்து முகத்தைக் காட்டிவிடுவார்கள். நான் மண்டபத்தில் சம்பந்திகளை வரவேற்கும் நேரத்திலும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி, "யாரத் தேடுதிய, மந்திரியா வரப்போறாரு?" என்றாள். யாரைத் தேடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு மிக்சியில் என் பங்கைத் திரும்ப எதிர்பார்க்கிறேன் என்றுதானே அவள் நினைப்பாள். அண்ணாச்சியிடம் கேட்கவும் அதே கூச்சம்தான். மொய்க்குக் கணக்குக் கேட்கிறவன் மாதிரி ஆகிவிடும். ஆகையால் சுற்றி வளைத்து, ஜெபக்கனி எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்பேன். "நல்லா இருக்கா சார், ஆம்பளப் பிள்ள." இரண்டு வருஷம் கழித்து, "ரெண்டாவது பொண்ணு." ஒரு தடவை திருப்பூர் என்றார், ஒரு தடவை சிவகாசி. லாரி டிரைவர் ஒரு தடவை மளிகைக்கடைக்காரர் ஆனார். நான் கேட்கக் கேட்க அவளுக்குப் பிள்ளை பிறந்துகொண்டிருந்தது. பயந்துபோய்க் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் அதெல்லாம் இல்லை, அதெல்லாம் இல்லை, என்னைக் குத்துவது வேறு. அவள் போன மறுவருஷம் விதி இளகிற்று. யாரோ எங்கேயோ மனுக்கொடுத்து, பாதி நாள் வருகிறவர்களும் சேரலாம், பழைய பிள்ளைகளையும் திரும்ப எடுக்கலாம், இந்த ஒரு வருஷம் மட்டும் என்று சொன்னார்கள். நின்றுபோன பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தோம். இரண்டு பையன்களை நானே பஞ்சர் கடையிலிருந்து கூட்டிவந்தேன். ஜெபக்கனியையும் கூப்பிடலாமே என்று நான்தான் சொன்னேன். அண்ணாச்சி என் தோளைத் தொட்டு, "கட்டிக்குடுத்த பிள்ள சார் அது. இன்னொரு வீட்டுப் பொம்பள. நாம போயி நின்னா அங்க என்ன நெனப்பாவ?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஒரு புருஷன் முகத்தைக் கற்பனை செய்துகொண்டேன், காக்கிச் சட்டை, அரும்பு மீசை, வாசலில் நின்று "யாரு சார் நீங்க?" என்று கேட்கிற முகம். அந்த முகத்துக்குப் பயந்து நான் போகவில்லை. அடுத்த வருஷம் கதவு மறுபடி சாத்திக்கொண்டது. பிறகு ஒரு நாள் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் என் பஸ் நகர்கிற நேரத்தில் அவளைப் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீஸ் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள், மேலே ஆம்பளைச் சட்டை போட்டுக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் மாட்டிக்கொண்டு. நான் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கூப்பிட்டிருக்க வேண்டும். நான் அவள் கழுத்தைப் பார்த்தேன். தாலி தெரிகிறதா என்று ஒரு வாத்தியார் நான், என் மாணவியின் கழுத்தை, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் இருந்து எட்டி எட்டிப் பார்த்தேன். சட்டைக் காலர் மறைத்தது. பஸ் திரும்பிவிட்டது. திருப்பூரிலோ சிவகாசியிலோ இருக்க வேண்டியவள் இங்கே என்ன செய்கிறாள் என்று நினைத்தேன், பிறகு பிறந்த வீட்டுக்கு வந்திருப்பாள் என்று நினைத்தேன், பிறந்த வீட்டுக்கு வந்தவள் எதற்கு ஆபீஸ் வேனில் என்று நினைத்தேன், அதற்குள் டிக்கெட் டிக்கெட் என்று கண்டக்டர் வந்துவிட்டார்; அப்பாடா என்று இருந்தது.

"யோசிக்காதிய சார்" என்றார் அண்ணாச்சி. பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். "ஒரு பிள்ளையப் பாத்தா முப்பது பிள்ள போயிரும். கல்யாணம்னு போட்டு அனுப்பிருங்க. அந்தப் பிள்ளகிட்ட நைசா, வீட்டுல இரும்மா, விதி மாறுனதும் கூப்பிடுதோம்னு சொல்லிருங்க. அழும். அழட்டும்." நான், ஸ்டாஃப் கேட்பார்களே, அவளோடு படிக்கிற பிள்ளைகள் கேட்குமே என்றேன். என் குரல் எனக்கே விலகி நின்று கேட்டது. அவர் சிரித்தார், சின்னப் பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறவர் மாதிரி. "அதுக்குத்தான சார் மொய்யி. ஒரு ரவுண்டு வந்து மொய் வசூல் பண்ணிருங்க. மொய் எழுதுன எவனாவது கல்யாணம் நடந்துச்சான்னு கேட்டுப் பாத்திருக்கியளா? குக்கரோ மிக்சியோ, எதையாவது வாங்கி அவ ஆத்தா கையில குடுங்க, பாவம், அதுக்கும் ஒரு உதவி. நான் எம்பைக்குள்ள ஒரு ரூவா போட்டதில்ல, கர்த்தருக்கும் தெரியும் முருகனுக்கும் தெரியும்." அப்படிச் சொல்லிவிட்டு அவர் டிவியைப் பார்க்கத் தொடங்கினார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியவில்லை. அல்லது எனக்கு எப்போதோ தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாரா? மற்ற எல்லோருக்கும் தெரியுமா? அந்த மிக்சிக்குப் பணம் போட்ட அத்தனை பேரும் தெரிந்துதான் போட்டார்களா, நான் ஒருத்தன்தான் மண்டப வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேனா?

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இவர் மேல் எப்படிக் கோபப்படுவது? அந்த வருஷம் வகுப்பு பிழைத்தது. அதில் படித்தவர்கள் இன்று நாலைந்து ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கிறார்கள், எனக்குப் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள். இவர் கூட்டல் தெரிந்த மனிதர். ஒன்றைக் கொடுத்து முப்பதைக் காப்பாற்றினார். அப்படி ஒரு கூட்டலை இவர் தலையில் கட்டினவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து அடுத்த விதியை எழுதிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு இவர் பெயரும் தெரியாது, அவள் பெயரும் தெரியாது. எல்லாம் சரி. ஆனால் என் மனசு அந்தக் கூட்டலில் நிற்கவில்லை, அது ஒரு வீட்டுக்குள் போய்விட்டது. மிக்சி வந்து இறங்குகிற வீடு. ஜெபக்கனியின் அம்மா கையெடுத்துக் கும்பிடுகிறாள். எதற்கு மிக்சி என்று அந்த அம்மாள் கேட்டிருக்க மாட்டாளா? காலேஜில் கொடுத்தார்கள் என்று இவர் சொல்லியிருப்பார். சாயங்காலம் மகள் ஆபீஸிலிருந்து வந்து, கை கழுவாமல், அட்டைப் பெட்டியைத் தடவிப் பார்த்திருப்பாள், விரலால், முகத்தைத் திருப்பிக்கொண்டு. நம்மை மறக்கவில்லை, விதி மாறினதும் கூப்பிடுவார்கள் என்று நினைத்திருப்பாள். மறுவருஷம் பஞ்சர் கடைப் பையன்கள் திரும்பிப் போனது அவளுக்குக் காதில் விழுந்திருக்கும். நம்மையும் இன்று கூப்பிடுவார்கள், நாளை கூப்பிடுவார்கள் என்று இருந்திருப்பாள். நான் ஒரு இல்லாத புருஷனுக்குப் பயந்துகொண்டு இருந்த அதே நாட்களில். மாரிவேணியும் இப்படித்தான் இருப்பாள், அடுத்த வாரத்திலிருந்து, அவளுக்கும் ஒரு லாரி டிரைவர் கிடைப்பான், நான் பெயர் வைத்துக் கொடுத்தால்.

"ஆவுடையப்பன் யாரு? தாத்தா, ரெண்டாவது பிளட் குடுக்க வாங்க" என்று அந்தப் பெண் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழுந்தார். "சாயங்காலம் அனுப்பிருங்க சார், மனசப் போட்டு உழப்பாதிய" என்றார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். வயசான கை, சூடாக இருந்தது, நரம்பு எல்லாம் மேலே தெரிந்தது. என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே கடைசி நொடி வரை தெரியவில்லை. கல்யாணம் நடந்ததா என்றுதான் வாய் திறந்தேன், இத்தனை வருஷமாக அதைத்தான் ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன், ஆனால் வந்தது அது இல்லை.

"அண்ணாச்சி, தனக்குக் கல்யாணம் ஆயிட்டுங்கறது அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?"